வாஞ்சிநாதன் கைக்கு வந்த பெல்ஜியம் துப்பாக்கி: மணியாச்சிக்கு முன்னும் பின்னும்

1911 ஜூன் 17, சனிக்கிழமை. காலை பத்தரை மணி தாண்டிவிட்டது. மணியாச்சி சந்திப்பில் ஒரு முதல் வகுப்புப் பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய சிலோன் போட் மெயிலுக்காகக் காத்து நிற்கிறது. உள்ளே திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், எதிர் இருக்கையில் அவர் மனைவி மேரி. கோடைக்கானலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் நடந்தது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ளே ஏறினார், சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தக் கதையில் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் போகும் பொருள் ஒன்று உண்டு. அவர் கையில் இருந்த துப்பாக்கி. காட்டிலாகாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்த 25 வயது இளைஞர் அவர். நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ளவே சர்க்கார் அனுமதி வேண்டியிருந்த காலம். அப்படிப்பட்டவரிடம் பெல்ஜியத்தில் செய்த புத்தம் புது மாதிரி பிரௌனிங் கைத்துப்பாக்கி எப்படி வந்தது?

செங்கோட்டை சங்கரன்

வாஞ்சிநாதன் 1886-ல் பிறந்தவர். இயற்பெயர் சங்கரன். அப்பா ரகுபதி ஐயர், அம்மா ருக்மணி அம்மாள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் உள்ளூர்ப் படிப்பு முடிந்ததும் அவர் மேற்படிப்புக்குப் போனது திருவனந்தபுரம். பொன்னம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் காட்டிலாகா வேலை கிடைத்தது. அந்தக் காலத்துப் படித்த இளைஞனுக்கு இது நல்ல, நிலையான வாழ்க்கை. பேசாமல் இருந்திருந்தால் பென்ஷன் வாங்கி ஓய்வு பெற்றிருப்பார்.

பேசாமல் இருக்க முடியாதபடி மலைக்கு இந்தப் பக்கம் காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம். அதே மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர்தான் ஆஷ். கப்பல் கம்பெனியை நசுக்கியதில் முன்னால் நின்றவர் என்ற கோபம் ஜில்லா முழுக்க இருந்தது. அவரே 1910-ல் கலெக்டராக வந்து உட்கார்ந்தார்.

அதே 1910-ல் சீர்காழிப் பக்கத்து எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி தெற்கே ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று சின்னச் சின்னக் கூட்டங்கள். காளி படத்துக்கு முன்னால் குங்குமம் கரைத்த தண்ணீர் குடித்து, கட்டைவிரலைக் கீறி ரத்தத்தால் ரேகை வைத்து உறுதிமொழி எடுத்ததாகப் பிற்பாடு வழக்கில் சாட்சி சொன்னார்கள். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன் இந்தக் கூட்டத்தில் இருந்தார். அந்த வழியாக வாஞ்சியும் உள்ளே வந்தார்.

உறுதிமொழி ஆச்சு. ஆயுதம்?

அனுமதி இல்லாத ஆயுதம்

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. காந்தி வரைக்கும் பலரும் இந்தச் சட்டத்தை அவமானமாகவே பார்த்தார்கள். உரிமம் தரும் அதிகாரம் ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் இருந்தது, அதாவது கலெக்டரிடம். திருநெல்வேலி ஜில்லாவில் யாராவது துப்பாக்கிக்கு மனு போட்டால், 1911-ல் அது ஆஷ் மேஜைக்குத்தான் போகும்!

ஆக, அந்த வழி அடைபட்ட வழி. திறந்திருந்தது வேறொரு வழி. ஐரோப்பாவில் கைத்துப்பாக்கி வாங்குவது அன்று பெரிய காரியமே இல்லை. லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன், 1909-ல் 20 பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டுக்குள் ஒளித்துவைத்து பம்பாய் கொண்டுவந்து சேர்த்தார். அனுப்பியவர் சாவர்க்கர். அதில் ஒன்றால்தான் அந்த வருஷம் டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹரே சுட்டார்.

அந்த இந்தியா ஹவுஸ் வட்டத்தில் ஒரு தமிழர் இருந்தார். திருச்சி வரகனேரி வ.வே.சு.ஐயர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனவர். 1910-ல் போலீஸ் நெருங்கியதும் மாறுவேஷத்தில் தப்பி, பாரிஸ் வழியாக அந்த வருஷக் கடைசிக்குள் புதுச்சேரி வந்து சேர்ந்தார். புதுச்சேரி பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் வாரண்டும் செல்லாது, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டமும் செல்லாது.

பையில் அடங்கும் இயந்திரம்

அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன புதுசு? அதுவரை கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர். நடுவில் புடைத்த உருளை, ஒவ்வொரு அறையிலும் ஒரு தோட்டா. பாக்கெட்டில் போட்டால் வெளியே துருத்திக்கொண்டு தெரியும்.

அமெரிக்காவின் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங், துப்பாக்கித் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. அவர் அந்த உருளையையே எடுத்துவிட்டார். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கும். ஒன்று வெடிக்கும்போது வருகிற பின்னுதைப்பே மேல்பகுதியைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை மேலே ஏற்றிவிடும். விசையை அழுத்துவது மட்டும்தான் ஆளுடைய வேலை. பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் எர்ஸ்டால் ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை இதைச் செய்து விற்றது. 1900-ம் வருஷ மாதிரியில் 7 தோட்டா, எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தட்டையான உடம்பு. கோட்டுப் பையில் போட்டால் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். அந்த மாதிரி மட்டுமே 7 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இன்று கடைக்கு வரும் பல துப்பாக்கிகளில் இருக்கும் டபுள் ஆக்‌ஷன் வசதி, அதாவது விசையை ஒரு தடவை இழுத்தாலே சுத்தி பின்னுக்குப் போய்த் திரும்ப வந்து அடிக்கிற அமைப்பு, அந்த பிரௌனிங்கில் இல்லை. ஜெர்மனியின் வால்தர் கம்பெனி 1929-ல் பி.பி. மாதிரியைக் கொண்டுவந்த பிறகுதான் அது பரவலானது. ஆனால் 1911-ல் மதராஸ் ராஜதானியில் ஒருவருக்கு பிரௌனிங்கே அதிசயம்தான். வருஷக்கணக்கான பழக்கமோ, முறுக்கேறிய கையோ, வேட்டைக்காரனின் கண்ணோ அதற்குத் தேவைப்படவில்லை. பக்கத்தில் போக மட்டும் தெரிந்தால் போதும்.

பக்கத்தில் போவதுதான் கஷ்டம். ஆனால் அதிகாரிகள் ரயிலில் போகிறவர்கள், படிக்கட்டில் ஏறுகிறவர்கள். 1904 ஜூன் 16-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவ் மாளிகைப் படிக்கட்டில் வந்துகொண்டிருந்தபோது, ஆய்கன் ஷவ்மன் என்ற எழுத்தர் சுட்டார். உடனே தன்னையும் சுட்டுக்கொண்டார். ஒரு கடிதமும் விட்டுப் போனார். 1909 அக்டோபர் 26-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைக் கொரியாவின் ஆன் ஜுங்-குன் சுட்டார். இரண்டிலும் அதே எஃப்.என். பிரௌனிங். கவர்னர், ரயில் நிலையம், கடிதம், தற்கொலை… மணியாச்சிக்கு வந்தவை எல்லாம் ஏற்கெனவே உலகத்தில் நடந்து முடிந்திருந்தவை. 1914-ல் சரயேவோவில் முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்தியதும் இதே தொழிற்சாலையின் 1910 மாதிரிதான்.

புதுச்சேரியில் பழக்கம்

1911 தொடக்கத்தில் வாஞ்சி வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டுப் புதுச்சேரி போனார். அங்கே ஐயர் அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்துப் பக்கம் பயிற்சி நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

காட்டிலாகா ஆளுக்கு வெடிச்சத்தம் புதிதல்ல. ஆனால் இது தோளில் வைத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கி இல்லை. மிருகத்துக்கு வேண்டிய தூரமும் இதில் கிடையாது. சில அடி தள்ளி நிற்கும் மனுஷனுக்காகச் செய்த சாமான். கையில் வாங்கும் யாருக்கும் முதல் நாளே அது புரிந்துவிடும். விடுப்பில் புறப்பட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டாலும், துப்பாக்கி அவரிடம் இருந்திருக்கக்கூடிய காலம் ஆறு மாதத்துக்குள்தான்.

வியப்பான விஷயம் இன்னொன்று. அந்த வட்டத்திலேயே துப்பாக்கியை நன்றாக அறிந்தவர் ஐயர். அவர் கடைசி வரை யாரையும் சுடவில்லை. பழக்கப்பட்ட கை கற்றுக்கொடுத்தது, புதுக் கை சுட்டது. இதில் குருவின் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வியை அவருடைய பக்தர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

பெட்டிக்குள்

ஆஷ் திருநெல்வேலியில் ரயில் ஏறினார். அங்கிருந்து மணியாச்சி சுமார் 30 கிலோமீட்டர். வாஞ்சியோடு ஒட்டப்பிடாரம் மாடசாமியும் இருந்தார். சந்திப்பில் கூட்டம் அதிகமில்லை, பெட்டிக்குக் காவலும் இல்லை. சுத்தமாக உடுத்திய இளைஞர் ஒருவர் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கியதை யாரும் தடுக்கவில்லை. மிக அருகிலிருந்து சுட்டார். குண்டு ஆஷ் மார்பில் பாய்ந்தது. எல்லாம் மேரியின் கண் முன்னால்.

வாஞ்சி நடைமேடையில் ஓடினார். ஆட்கள் துரத்தினார்கள். நிலையத்துக் கழிப்பறைக்குள் நுழைந்து, வாய்க்குள் சுட்டுக்கொண்டார். ஆஷை அதே ரயிலில் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கங்கைகொண்டான் பக்கம் உயிர் பிரிந்தது.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. சில நாளில், ஜூன் 22-ல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்தால் கொல்ல 3,000 மதராசிகள் உறுதி எடுத்திருப்பதாகவும், அதைத் தெரிவிக்கவே தான் இதைச் செய்வதாகவும் வாஞ்சி எழுதியிருந்தார். துப்பாக்கியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அந்தக் கடிதம் இன்றைக்கும் சண்டைக்குரியது. அதில் சுதந்திரமும் சனாதன தர்மமும் ஒரே மூச்சில் வருகின்றன. மாட்டிறைச்சி தின்பவர் என்றும் பஞ்சமர் என்றும் மன்னரை இழித்துப் பேசுகிற சாதிப் பார்வை அதில் அப்பட்டமாக இருக்கிறது. அதை மூடிமறைத்து வாஞ்சியைப் புகழ்வது சரியில்லை. அதே சமயம், அக்ரஹாரத் தெரு வழியாக ஒரு தலித் பெண்ணை ஆஷ் வண்டியில் கூட்டிப்போனதால்தான் கொலை நடந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை வழக்கில் காரணமாக வரவே இல்லை. கடிதத்தில் இருப்பதே விவாதிக்கப் போதும்.

3,000 பேர் எங்கே?

போலீஸ் வலைவீசித் தேடியது. செங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி வீடுகளில் சோதனை. பயத்தில் தர்மராஜ ஐயர் விஷம் குடித்தார். வெங்கடேஸ்வர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் 14 பேர். 3,000-க்கும் 14-க்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தக் கதையின் சோகம். ஒரு கூட்டமே பின்னால் நிற்பதாக நம்பி ஒரு தனி ஆள் போனார். பையில் அடங்கும் இயந்திரம் அதைச் சாத்தியமாக்கியது. அது இல்லாத காலத்தில் அந்த வேலைக்கு நிஜமாகவே ஒரு கூட்டம் தேவைப்பட்டிருக்கும். கூட்டம் திரட்டத் தெரிந்த வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1912-ல் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம் தண்டனை. நீலகண்டர் பிற்பாடு சாமியாராகி, கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் ஓம்கார் சுவாமி என்ற பெயரில் 1978 வரை வாழ்ந்தார்.

ஐயர் 1920-ல் தமிழ்நாடு திரும்பினார். கம்பனைப் பற்றி எழுதினார், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் தமிழக அரசியலையே திருப்பிப்போட்டது. 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தண்ணீரோடு போன மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து, அவரும் மூழ்கிப்போனார்.

ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. தூத்துக்குடியில் அவருக்கு ஒரு நினைவு மண்டபமும் உண்டு. செங்கோட்டையில் வாஞ்சிக்கு மணிமண்டபம். ரயில் நிலையம் இப்போது வாஞ்சி மணியாச்சி. அன்று கூடவே வந்த மாடசாமி மட்டும் போலீஸ் கையில் சிக்கவே இல்லை.