மருத்துவர் கிறீனும் தமிழ்க் கலைச்சொல்லும்

புலமைக்குக் கருவியாகப் பிறந்த கலைச்சொல், அதற்கே வேலியாகிவிடுவதும் உண்டு. அவ்வேலியைத் தமிழர்க்குத் திறந்துவிட முயன்றோருள் முன்னிற்பவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த அவர், 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையில் தங்கினார். பின்னர் மானிப்பாய்க்குப் பெயர்ந்து மருத்துவப் பணியாற்றியதோடு, உள்ளூர் இளைஞர்க்கு மேலை மருத்துவம் பயிற்றவும் தலைப்பட்டார். முதலில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. கற்றவருட் பலர் அரசுப் பணி நாடி அயலூர் சென்றனர். ஊராரின் நோயோ ஊரிலேயே தங்கிற்று.

இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்த காலத்தில் அது துணிவான செயல். உடையாலும் வாழ்க்கை முறையாலும் தம் மாணவர் ஊராரை விட்டு விலகலாகாது என்பதும் அவர் கொள்கை.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடுதல், அது கிடையாவிடின் வடமொழியை நாடுதல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலியில் எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. எளிய சொல் இருக்க அரிய சொல்லை ஆள்வதற்கு அந்நெறியில் இடமில்லை. அரிய சொல் இன்றியமையாத இடத்து அதனை அஞ்சி ஒதுக்கவும் இடமில்லை. மாணவன் ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டால் நோயாளியின் உயிருக்கே கேடாகும் ஆதலின், மருத்துவத்தில் சொல்லின் தெளிவு அறமாகவே நிற்கின்றது.

1852இல் வெளிவந்த உடற்கூற்று நூல் தொடங்கி, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பல நூல்கள் அவர் முயற்சியாலும் மாணவர் துணையாலும் தமிழில் உருப்பெற்றன. கலைச்சொற்றொகுதிகளும் தொகுக்கப்பட்டன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கு மேற்பட்டோர்.

அவர் நூல்களிலும் குறை உண்டு. வடசொற்கள் மிகுந்து நடையை இறுக்கிய இடங்கள் பல. அங்காதிபாதம் உடற்கூற்றியலுக்கும், கெமிஸ்தம் வேதியியலுக்கும் இடம் விட்டு விலகின. தமிழ்வழி மருத்துவக் கல்வியும் அவருக்குப்பின் நெடிது நிலைக்கவில்லை. ஆயினும், சொற்கள் உதிர்ந்தபின்னும் அவற்றை ஆக்கிய நோக்கம் பழுதுறவில்லை. கற்போனுக்கு விளங்க வேண்டும் என்ற கவலையிற் பிறந்தவை அச்சொற்கள். கற்றோனின் பெருமையைக் காட்டவே அடுக்கப்படும் சொற்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

1873இல் யாழ்ப்பாணம் நீங்கிய கிறீன், வூஸ்டரிலிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார், 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்ற செய்தியே அவர் விருப்பப்படி அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டது. அங்கும் அவர் வேண்டியவை, எவர்க்கும் விளங்கும் சில சொற்களே.