சோற்றுக்குத் திட்டம் போட்ட சி.எஸ்.

கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் நின்று பார்த்தால், பஞ்சம் என்பது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்றுதான் தோன்றும். காரும் பிசானமும் விளைகிற மண் இது. ஆனால் எல்லோர் ஊரிலும் தாமிரபரணி ஓடவில்லையே! 1965-66-இல் மழை பொய்த்தது. நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன்னிலிருந்து 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் பல ஊர்களில் அடுப்பு எரியும் என்ற நிலை.

அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம். 1942 போராட்டத்தில் சிறை. 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சர். நம்ம மணிமுத்தாறு அணை எழும்பிய காலத்தில் மாநில நிதி அவர் கையில்தான் இருந்தது.

1964-இல் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் விவசாயத்தை ஒப்படைத்தார். யாரும் விரும்பாத இலாகா அது. சி.எஸ். அதை ஒரு பொறியாளரைப் போலவே அணுகினார் என்பேன். பழைய கோதுமை ரகங்களுக்கு உரம் கூட்டினால் நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே குட்டை ரக விதை வேண்டும். அதற்கு உரமும் தண்ணீரும் வேண்டும். அதற்குச் செலவாகும், அறுவடையில் விலை விழுந்தால் விவசாயி கதி அதோகதி. ஆகவே கட்டுப்படியான விலை வேண்டும், வாங்கி வைக்க ஓர் அமைப்பும் வேண்டும். ஒரு பல்சக்கரம் குறைந்தாலும் இயந்திரம் நின்றுவிடும்!

எல்லாவற்றையும் ஒருசேரப் பூட்டினார். 1965 பொங்கலன்று இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் தொடங்கியது. அதே ஆண்டில் விலைக் குழு வந்தது. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை முதன்முறையாக ஒரு விஞ்ஞானியிடம் போனது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைத்தார்.

எதிர்ப்பு லேசுப்பட்டதல்ல. அன்னியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மல்லுக்கு நின்றார். பெரிய விவசாயிகளுக்குத்தான் லாபம் என்று இடதுசாரிகள் சொன்னார்கள். சி.எஸ். டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது, அதிலேயே புதுக் கோதுமையை விதைத்துக் காட்டினார்.

பயிர் விளையுமுன் தேர்தல் வந்துவிட்டது. இந்திப் பிரச்சினையும் அரிசித் தட்டுப்பாடும் கொதித்த 1967-இல், கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றார். மறு ஆண்டு கோதுமை விளைச்சல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. தபால்தலை வெளியிட்டுக் கொண்டாடினார்கள். அப்போது அவர் அமைச்சர் இல்லை. 1998-இல் பாரத ரத்னா தேடி வந்தது. 2000-இல் மறைந்தார்.

குறையே இல்லாத திட்டம் என்று சொல்ல மாட்டேன். பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியதும், பல நாட்டு ரகங்கள் காணாமல் போனதும் நாம் கண்கூடாகப் பார்ப்பவை. அவற்றைச் சரிசெய்வது அடுத்த தலைமுறையின் வேலை. பக்கத்து அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்கள். பலன் தன் பதவிக்காலத்துக்குள் வருமா என்று கணக்குப் பார்க்காமல் விதைத்தவர் சி.எஸ். நாமும் நம் துறையில் அப்படி ஒரு விதையாவது போடுவோம்.