ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (நவம்பர் 25, 1884 - ஜூலை 24, 1943) ஐக்கிய அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் பணியாற்றிய உடற்கல்வியாளரும் விளையாட்டுப் பயிற்றுநரும் ஆவார். எச். சி. பக் என்று பரவலாக அறியப்படுகிறார். 1920 ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, 1943 இல் இறக்கும் வரை அதன் முதல்வராக இருந்தார். 1924 ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் இவரே. இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர்.

பிறப்பும் கல்வியும்

பக், பென்சில்வேனியா மாநிலத்தில் சசுகுவேகன்னா ஆற்றங்கரையில் உள்ள லிவர்ப்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இது இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்ப்பூல் அன்று. மாசச்சூசெட்சு மாநிலத்தின் சுபிரிங்பீல்டு நகரில் இருந்த பன்னாட்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். அக்கல்லூரியில்தான் 1891 டிசம்பரில் கனடாவைச் சேர்ந்த ஆசிரியர் ஜேம்சு நைசுமித், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடத்தக்க ஒரு விளையாட்டாகக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டும் 13 விதிகளும் கொண்டு, அணிக்கு 9 பேர் வீதம் முதல் ஆட்டம் நடந்தது. பக் அங்கு பயின்றபோது நைசுமித் அக்கல்லூரியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் விளையாட்டைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதும் அக்கல்லூரியின் நோக்கு பக்கின் பிற்காலப் பணி முழுவதிலும் காணப்படுகிறது.

கூடைப்பந்தாட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பக் என்று சில இடங்களில் குறிப்பிடப்படுவது சரியன்று. முதல் ஆட்டத்தில் விளையாடியவர்களுள் ஒருவரான டங்கன் பேட்டன் 1894 ஆம் ஆண்டிலேயே அவ்விளையாட்டை இந்தியாவில் அறிமுகம் செய்தார். அப்போது பக் சிறுவர். ஆனால் அதன் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் அவ்விளையாட்டு பெரும்பாலும் ஒய்.எம்.சி.ஏ. கூடங்களிலும் சில மதப்பரப்புக் கழகப் பள்ளிகளிலும் மட்டுமே ஆடப்பட்டது. பந்தும் விதிகளும் வந்துசேர்ந்திருந்தன. அவற்றைப் பள்ளிச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு ஆசிரியர்கள் இருக்கவில்லை.

சென்னையில் கல்லூரி

சென்னை ஒய்.எம்.சி.ஏ. 1890 ஆம் ஆண்டு டேவிட் மெக்கானகி என்பவரால் தொடங்கப்பட்டது. பக் 1919 இல் இந்தியா வந்தார். அக்காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் படையணிப் பயிற்சியாகவே இருந்தது. ஓய்வுபெற்ற படைவீரர்களே பல இடங்களில் அதனை நடத்தினர். மாணவர்கள் வரிசையில் நின்று கட்டளைக்குக் கையைத் தூக்கி இறக்குவர். அத்துடன் வகுப்பு முடிந்துவிடும். உடற்கல்வி ஆசிரியரை "டிரில் மாஸ்டர்" என்று அழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் நீடித்ததற்கு இதுவே காரணம்.

இந்நிலையை மாற்ற ஓரிரு அணிகளுக்குப் பயிற்சி அளிப்பது போதாது, பயிற்சி அளிப்பவர்களை உருவாக்க வேண்டும் என்பது பக்கின் முடிவு. 1920 இல் மிகச் சில மாணவர்களுடன் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் மனைவி மேரி பக் இப்பணியில் உடனிருந்தார். இப்பள்ளியே பின்னர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது கல்லூரி என இது குறிப்பிடப்படுகிறது. கல்லூரி பின்னர் நிலைபெற்ற சைதாப்பேட்டை வளாகம் இன்று நந்தனம் என்ற பெயரால் அறியப்படுகிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றவர்கள் பலருக்கு அந்தத் திடல் பழக்கமானதே.

கல்லூரி தொடங்கிய காலம் எளிதானதன்று. அதே 1920 இல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளி கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு மாணவர்களை அழைத்தார். உடல்வலிமையை நாட்டுப்பற்றுடன் இணைத்துப் பார்த்தவர்கள் தண்டால், பசுகி, சிலம்பம், மல்யுத்தம் ஆகியவற்றையே போற்றினர். வெளிநாட்டவர் ஒருவர் வெளிநாட்டு விளையாட்டுகளை மட்டும் கற்பித்திருந்தால் அது வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே. பக் எந்த ஒரு முறையையும் முழுமையாகப் பின்பற்றவில்லை. மேலைநாட்டு விளையாட்டுகள், உடற்பயிற்சிகள் ஆகியவற்றுடன் இந்திய விளையாட்டுகளுக்கும் பாடத்திட்டத்தில் இடம் அளித்தார். எதில் பயன் உண்டோ அதனை எடுத்துக்கொள்வது என்பதே அவரது முறை. பிற்கால இந்திய உடற்கல்வி நூல்கள் அவரை முதன்மையாகப் பாராட்டுவது இதன் பொருட்டே ஆகும்.

நூலும் இதழும்

விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து பக் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. இன்று ஒரு விதியை அறிவது எளிது. அன்று ஒரு மாவட்டத் தலைநகரில் இரு பள்ளிகள் மோதும்போது எந்த விதிப்படி ஆடுவது என்பதே பூசலுக்குக் காரணமாகும். நடுவர் கையில் ஒரே அச்சிட்ட நூல் இருந்தது இத்தகைய பூசல்களைக் குறைத்தது. கல்லூரியிலிருந்து "வியாயாம்" என்ற உடற்கல்வி இதழும் வெளிவந்தது.

ஒலிம்பிக் பணி

1920 இல் தோராப்சி டாட்டாவின் முயற்சியால் இந்திய வீரர்கள் சிலர் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டிருந்தனர். அடுத்த போட்டிக்கு முறையாக அணி தேர்ந்தெடுக்கும் பொருட்டு 1924 பெப்ரவரியில் தில்லியில் அனைத்திந்திய அளவில் போட்டிகள் நடத்தப்பட்டன. இவையே பின்னர் தேசிய விளையாட்டுப் போட்டிகள் ஆயின. அங்கு தேர்வான தடகள வீரர்கள் 8 பேரைப் பக் மேலாளராகப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார். சென்னையிலிருந்து தேர்வாகி 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கலந்துகொண்ட சி. கே. லட்சுமணன், கண்ணூரைச் சேர்ந்தவர். பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஆனார். இவ்வணி பதக்கம் எதனையும் பெறவில்லை. ஆனால் இப்பயணம் தந்த ஊக்கத்தில் பக், ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஏ. ஜி. நோரன் ஆகிய இருவரின் முன்முயற்சியால் 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தோராப்சி டாட்டா அதன் முதல் தலைவராகவும் நோரன் முதல் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். பக் முன்னிலைப் பதவி எதற்கும் வராமல் கல்லூரிப் பணியைத் தொடர்ந்தார்.

ஊர்ப்புறங்களில் தாக்கம்

பக்கின் காலத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி ஆகிய ஊர்கள் 1910 இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985 முதல் இவை விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. இத்தகைய வறண்ட பகுதியை எண்ணிப் பார்த்தால் ஆசிரியர் பயிற்சியின் பொருள் தெளிவாகும். கூடைப்பந்தாட்டத்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும்; தளம் சமமாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். கரிசல் மண்ணோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் காலோடு அப்பிக்கொள்ளும். அதில் பந்து எழும்பாது. சிமெந்துத் தளமும் பலகையும் வளையமும் அமைக்கப் பணம் வேண்டும்.

கைப்பந்தாட்டத்தில் பந்து தரையில் படவே கூடாது. இரு கம்பங்களும் ஒரு வலையும் போதும். இவ்விளையாட்டும் சுபிரிங்பீல்டில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவரால் 1895 இல் உருவாக்கப்பட்டதே. சடுகுடுவுக்கு வலையும் வேண்டியதில்லை. கூடைப்பந்தாட்டம் நகரங்களில் வலுப்பெற்றதற்கும், தென்மாவட்டச் சிற்றூர்களில் கைப்பந்தும் சடுகுடுவும் பரவியதற்கும் இது ஒரு காரணம் எனலாம். எல்லா விளையாட்டுகளையும் கற்றுவந்த ஆசிரியர் தம் பள்ளித் திடலுக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. படையணிப் பயிற்சி மட்டும் அறிந்தவருக்கு அது இயலாது.

இறுதிக் காலம்

1931 இல் ஐதராபாத்திலும் 1932 இல் கல்கத்தா, இலக்னோ ஆகிய இடங்களிலும் 1938 இல் பம்பாயின் காந்திவிலியிலும் உடற்கல்விப் பயிற்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இவற்றைப் பக் தம் வாழ்நாளிலேயே கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் சப்பானியத் தாக்குதல் அச்சத்தால் சென்னை மக்களில் பெரும்பகுதியினர் நகரை விட்டு வெளியேறினர். அதற்கடுத்த ஆண்டு ஜூலை 24 அன்று, தமது 58 ஆம் அகவையில் பக் காலமானார்.

தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934 இல் தில்லியில் தொடங்கியது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950 இல்தான் அமைந்தது. இந்திய ஆண்கள் அணி 1980 ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது.