டெஸ்லா கண்ட காட்சிகள்

பையன் ஒருவன் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, எதிரே யாரோ நிற்கிறாங்க என்று சொன்னால் நம் லயங்களில் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டுப் பாட்டி வேப்பிலையோடு வந்துவிடுவார். மறுநாள் கையில் தாயத்து ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் பையனுக்கு மூளை சரியில்லை என்ற பேச்சு பிரட்டுக்களம் வரை போய்விடும்.

அப்படிப்பட்ட ஒரு பையனின் கதையைத்தான் இன்று நாம் சொல்லப் போகிறோம். பெயர் நிக்கோலா டெஸ்லா. நம் வீட்டில் எரிகிற விளக்கும் செம்பனை ஆலையில் சுற்றுகிற மோட்டாரும் இவருக்குக் கடன்பட்டவை.

1856ம் ஆண்டு ஜூலை 10ந் தேதி, இன்று குரோஷியா எனப்படும் நாட்டில், ஸ்மில்யான் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்துவக் குருவானவர். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய சாமான்களைத் தானே யோசித்துச் செய்துகொள்ளும் கெட்டிக்காரி. மகனுக்கு வந்த மூளை அந்த அம்மாள் கொடுத்ததுதான்.

சின்ன வயதிலேயே பையனுக்கு ஒரு தொல்லை. யாராவது ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் போதும், அது அப்படியே கண்முன் வந்து நிற்கும். நிஜமா, வெறும் தோற்றமா என்று அவனாலேயே பிரிக்க முடியாது. சில நேரம் பளிச்சென்று வெளிச்சம் வேறு அடிக்கும். பகலில் ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி அதே காட்சி கண்ணை விட்டு அகலாது. கையை நீட்டினால் கை அதற்குள் புகுந்து போகும். காட்சி மட்டும் அசையாமல் நிற்கும். பாவம், எவ்வளவு பயந்திருப்பான்!

யாரும் ஓட்டிவிடவில்லை. பையனே ஒரு வழி கண்டான். வேண்டாத காட்சி வந்தால் தான் பார்த்த வேறொன்றை மனசில் கொண்டுவந்து நிறுத்துவான். ஆனால் சிற்றூர்ப் பையன் என்னத்தைப் பெரிதாகப் பார்த்திருக்கப் போகிறான்? வீடும் வாசலும்தானே. கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து போனது. அப்புறம் காணாத ஊர்களை மனசிலேயே உண்டாக்கிக்கொண்டு, ராத்திரி ராத்திரி அங்கே போய்வர ஆரம்பித்தான். அங்கே நண்பர்கள்கூட இருந்தார்கள்!

இதைப் பைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி வருவதுண்டு. 2012ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் இல்லாத குரலைக் கேட்பது போன்ற அனுபவங்களைச் சொல்லியிருக்கிறார்கள். 13 வயதுக்கு மேலே அது 7, 8 பேராகக் குறைந்துவிடுகிறது. பலருக்கு அது தானாகவே மறைந்துவிடும். குரல் ஏதாவது செய்யச் சொல்லி மிரட்டினாலோ, பிள்ளை சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒதுங்கிப் போனாலோ, காய்ச்சலோ வலிப்போ கூட இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிரம்படி மட்டும் கூடவே கூடாது.

டெஸ்லாவுக்கு 17 வயது ஆனபோது அந்தத் தொல்லையே தொழிலாக மாறியது. இயந்திரத்தைக் காகிதத்தில் வரையாமல் மனசுக்குள்ளேயே பூட்டுவார், ஓட்டுவார், எங்கே பழுது என்று பார்த்துத் திருத்துவார். 1882ல் புடாபெஸ்ட் நகரத்துப் பூங்காவில் நண்பரோடு நடந்து கொண்டிருந்தவர், திடீரென நின்று, குச்சியால் மண்ணில் ஒரு படம் போட்டார். காந்தப்புலத்தைச் சுழலவிட்டு மோட்டாரை ஓட்டும் வழி அது. 1884ல் அமெரிக்கா போனார். 1888ல் அந்த மோட்டாருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1896ல் நயாகரா நீர்வீழ்ச்சியில் எடுத்த மாறுமின்சாரம் தொலைவிலுள்ள பஃபலோ நகரைப் போய்ச் சேர்ந்தது. நம் தோட்டங்கள் பலவற்றில் ராத்திரி சில மணி நேரம் மட்டும் என்ஜின் ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால், கம்பி வழியே வீடு தேடி வரும் கரண்டின் அருமை தெரியும்.

பணத்தைக் காப்பாற்றத் தெரியாத மனிதர். 1943 ஜனவரி 7ந் தேதி, 86வது வயதில், நியூயார்க் ஹோட்டல் அறையொன்றில் தனியாகவே இறந்து போனார்.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். 1892ல் தாயார் மரணப் படுக்கையில் கிடந்தார். பல இரவு கண்விழித்துக் களைத்துப் போன மகனைச் சற்றுத் தள்ளி வேறொரு வீட்டில் படுக்க வைத்தார்கள். அம்மா போய்விட்டால் தனக்கு ஏதாவது அடையாளம் காட்டுவாள் என்று எண்ணிக்கொண்டே கிடந்தார். விடியற்காலையில் ஒரு மேகம் மிதந்து வந்தது. அதன்மேல் தேவதைகள். அதில் ஒரு முகம் அன்போடு பார்த்தது, பார்க்கப் பார்க்க அம்மாவின் முகமாகவே மாறிப் போனது. பலர் சேர்ந்து பாடும் குரல் கேட்டு விழித்தார். தாயார் இறந்திருந்தார்.

வேறொருவராக இருந்தால் அதையே கடைசிவரை நம்பியிருப்பார். அம்மா வந்து போனாள் என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது? இவரோ இது எங்கிருந்து வந்தது என்று வெகு காலம் துருவிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். மேகத்தின்மேல் தேவதைகள் மிதக்கும் ஓவியம் ஒன்றை அதற்கு முன்பு எங்கோ பார்த்திருந்தார். பாட்டு? அன்றைக்கு ஈஸ்டர். பக்கத்துத் தேவாலயத்தில் விடியற்காலைப் பூசை நடந்து கொண்டிருந்தது.