ரேடியாலஜிக்குள் நுழைந்த பிளம்பர்

என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். எனக்கு பிளேஸ்மென்ட் டென்ஷன், அவளுக்கு பி.ஜி. டென்ஷன். எந்த பிராஞ்ச் எடுக்கப் போறேன்னு கேட்டதுக்கு, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்றாள். எனக்குத் தெரிஞ்ச ரேடியாலஜி எக்ஸ்ரேவும் ஸ்கேனும்தான். அவள்தான் விளக்கினாள். தொடையிலோ மணிக்கட்டிலோ சின்னதா ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே அடைப்பை எடுக்கிறது, ரத்தக்கசிவை நிறுத்துறது. வயிற்றைக் கிழிக்கிற வேலையே இல்லை.

ஆனா அதுக்குப் போற ரூட் நீளம். இங்கே எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் மூணு வருஷம், அப்புறம் டி.எம். இன்னும் மூணு வருஷம். அமெரிக்காவில் நேரடியாகவே சேர ஒரு ரெசிடென்சி உண்டு. எது சரின்னு அவளுக்குக் குழப்பம். சரி, இந்தத் துறையை ஆரம்பிச்சவர் எந்த ரூட்ல வந்தார்னு தேடிப் படிச்சேன். படிச்சா, மனுஷன் நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆள் மாதிரி இருக்கார்!

அவர் பெயர் சார்லஸ் டாட்டர். 1920ல் பாஸ்டனில் பிறந்தார். சின்ன வயசிலேயே மெஷின்களைக் கழற்றி மாட்டுவதில் பைத்தியம். டியூக் பல்கலைக்கழகத்தில் டிகிரி, 1944ல் கார்னெல் மெடிக்கல் காலேஜில் டாக்டர் பட்டம். அதன்பின் அவர் தேர்ந்தெடுத்தது ரேடியாலஜி. அந்தக் காலத்தில் ரேடியாலஜிஸ்ட் என்றால் படம் எடுத்து ரிப்போர்ட் எழுதுபவர், அவ்வளவுதான். நோயாளியைத் தொட்டுச் சரி பண்ணுவது சர்ஜன் வேலை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்ற பெயர்கூட அப்போது கிடையாது.

1952ல், 32 வயசிலேயே, போர்ட்லேண்டில் இருந்த ஓரிகன் மெடிக்கல் ஸ்கூலின் ரேடியாலஜி துறைத் தலைவர் ஆனார். சாகும்வரை 33 வருஷம் அங்கேயேதான். ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பதில் கில்லாடி. 1963ல் அப்படிப் படம் எடுக்கும்போது, அடைபட்டிருந்த ஒரு ரத்தக்குழாய் வழியாக அவருடைய குழாய் தற்செயலாக நுழைந்து போக, அடைப்பு திறந்துவிட்டது. வேறு யாராவது என்றால் தப்பிச்சோம்டா சாமின்னு விட்டிருப்பாங்க. இவர் இதையே வேணும்னே செய்தா என்னன்னு யோசிச்சார். அதே வருஷம் செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த மாநாட்டில், படம் எடுக்கிற குழாயாலேயே சிகிச்சையும் செய்யலாம் என்று பேசினார்.

வாய்ப்பு 1964 ஜனவரி 16ல் வந்தது. 82 வயது பாட்டி, கால் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்கணும்னு சர்ஜன்கள் சொல்ல, பாட்டி முடியவே முடியாதுன்னுட்டாங்க. டாட்டரும் அவரிடம் பயிற்சிக்கு வந்த மெல்வின் ஜட்கின்ஸும் தொடை ரத்தக்குழாயில் ஒரு கம்பியை அடைப்பு தாண்டிச் செலுத்தினார்கள். அதன்மேல் ஒரு குழாய், அதுக்குமேல் இன்னும் தடிமனான குழாய். அடைப்பு விரிந்தது. சில்லென்று இருந்த கால் சூடானது. பாட்டி அதுக்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தாங்க, கடைசிவரை சொந்தக் கால்லதான் நடந்தாங்க. இந்த ஜட்கின்ஸ் ரூட்டும் கவனிக்க வேண்டியது. பொது மருத்துவராக பிராக்டிஸ் பண்ணிட்டு, அப்புறம் ரேடியாலஜிக்கு வந்தவர்.

கருவிகள் கடையில் கிடைக்காததால் டாட்டரே செய்துகொண்டார். கிட்டார் கம்பி, கார் ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் அவர் கையில் மருத்துவக் கருவி ஆச்சு. சிகாகோ மாநாடு ஒன்றில் பில் குக் என்ற புது வியாபாரி டெஃப்லான் குழாய்களைச் சூடாக்கி வடிவமைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். டாட்டர் குழாயையும் ப்ளோடார்ச்சையும் ராத்திரிக்குக் கடன் வாங்கிப் போய், காலையில் பத்து கேத்திட்டர் செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

இவ்வளவு செய்தும் சொந்த ஊரில் மரியாதை இல்லை. கிறுக்கு சார்லி என்று பட்டப்பெயர். படம் மட்டும் எடுங்க, சரி பண்ணப் பார்க்காதீங்கன்னு எழுதியே நோயாளியை அனுப்பிய சர்ஜனும் உண்டு. அவர் முறையை வளர்த்தது ஐரோப்பா. ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் அதில் பலூனைச் சேர்த்து, 1977ல் ஜூரிச்சில் இதய ரத்தக்குழாய் அடைப்பையே திறந்தார். அதுக்கப்புறம்தான் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. 1978ல் டாட்டர் பெயர் நோபலுக்குப் பரிந்துரை ஆனது, பரிசு வரவில்லை. ஹாட்ஜ்கின்ஸ் புற்றுநோய் வந்தும் மலையேறுவதை விடாத அந்த மனுஷன் 1985ல் இறந்தார்.

என் ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது இதில் ஒரே ஒரு விஷயம். 1960களிலேயே டாட்டர் தன் துறைக்காரர்களை எச்சரித்தார். நோயாளியின் முழுப் பொறுப்பை ஏற்காமல் குழாய் விடுவதோடு நிறுத்தினால், நாம் அதிக சம்பளம் வாங்கும் பிளம்பர்தான், வேலையை வேறு துறை எடுத்துக்கும் என்று. அப்படியே நடந்தது. இதயத்துக்குள் போகிற வேலை கார்டியாலஜிக்குப் போய்விட்டது. 2012ல் அமெரிக்கா இதைத் தனி ஸ்பெஷாலிட்டியாக அங்கீகரித்தபோது, படம் பார்ப்பது, குழாய் விடுவது மட்டுமல்ல, நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் பயிற்சியில் சேர்ந்தது.

அதனால எந்த ரூட், எத்தனை வருஷம்னு மட்டும் பார்க்காதேன்னு சொன்னேன். அந்த டிபார்ட்மென்ட் டாக்டர்கள் ஓ.பி. பார்க்கிறாங்களா, ப்ரொசீஜர் முடிஞ்ச மறுநாள் வார்டுக்குப் போய் நோயாளியைப் பார்க்கிறாங்களா? அதை முதல்ல விசாரி. சீனியர்ஸ்கிட்ட கேட்கிறேன்னு சொல்லியிருக்கா. பதில் என்ன வந்துச்சுன்னு நானும் காத்துக்கிட்டிருக்கேன்.