மூன்று முறை தட்டப்பட்ட கதவு



நம்ம தாம்பரத்தில் தெற்கே போகிற ரயில் ஏறினால், செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் வரும். அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் ஞாபகம்தான்.

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா மிஷனெரி டாக்டர், தகப்பனாரும் அப்படியே. ஆனால் ஐடாவுக்கு ஊழியம் என்றாலே வேண்டாம். சிறுவயதில் பஞ்சத்தையும் பட்டினிப் பிள்ளைகளையும் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ ஆசை. தாயாருக்குச் சுகமில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்ததும் கொஞ்ச நாளைக்கு என்றுதான்.

ஒரு ராத்திரி ஒரு பிராமண வாலிபர் கதவைத் தட்டினார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், நீங்கள் வர வேண்டும் என்றார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் சகோதரர், அதன்பின் இன்னொரு இந்து. அதே வேண்டுதல், அதே மறுப்பு. விடியற்காலையில் சாவு மேளம் கேட்டது. விசாரித்தால், மூன்று தாய்மாரும் போய்விட்டார்கள். ஐயோ! டாக்டர் வீட்டிலேயே இருந்தும் மூன்று ஜீவன்!

தூதனும் வரவில்லை, வானத்திலிருந்து சத்தமும் இல்லை. அந்தக் கதவுதான் ஐடாவுக்கு அழைப்பு. ஜெபித்தார், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். ஒரு செல்வந்தர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900-ல் திரும்பினார். அதே வருஷம் தகப்பனார் நித்திரையடைந்தார். 1902-ல் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது. ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960 மே மாதம் கொடைக்கானலில் கர்த்தரிடம் போனார்.

இதை ஏன் எழுதுகிறேன்? விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரி எதற்கு என்று நம்மிடையே இன்னும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்று அந்தக் கணவன்மார் வழக்கத்துக்காகக் கதவை அடைத்தார்கள். நாம் பக்தியின் பேரில் அடைக்கலாமா? யாக்கோபு நேசித்த ராகேலே பிரசவத்தில் மரித்தாள். எகிப்தில் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தாரே! பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே தாய் உயிர் போய்விடலாம். வலிப்பு வந்தாலும், பிள்ளை குறுக்கே கிடந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

பேறுகாலம் நெருங்கிய சகோதரிகளின் பெயரை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கொடுங்கள். ராத்திரியில் வலி கண்டால் முதலில் 108-க்குப் போன் பண்ணுங்க. அப்புறம் எனக்குப் பண்ணுங்க, வண்டி ஓடும்போதே ஜெபிக்கலாம்.