பொம்மை விமானம் பறந்தது! பெரிய விமானம் விழுந்தது!

விஞ்ஞானி லாங்லியின் வாழ்க்கைக் கதை

அமெரிக்காவில் போட்டோமாக் என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அந்த நாட்டின் தலைநகரமான வாஷிங்டன் அதன் கரையில்தான் இருக்கிறது.

1896-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி. வாஷிங்டனுக்குத் தெற்கே, அந்த ஆற்றில் ஒரு படகு வீடு நின்றுகொண்டிருந்தது. அதன் கூரை மீது ஒரு விசித்திரப் பறவை!

எஃகுக் குழாய்களால் ஆன உடல். பட்டுத் துணி போர்த்திய நான்கு இறக்கைகள். வயிற்றில் ஒரு சின்ன நீராவி எந்திரம்.

அதைச் செய்தவருக்கு அப்போது வயது 61. நரைத்த தாடி. கூச்ச சுபாவம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இந்தச் சின்ன விமானத்துக்கு ஏற்ற எந்திரத்தைத் தேடி அவர் பல ஆண்டுகள் பாடுபட்டிருந்தார்.

அவர்தான் சாமுவேல் பியர்பான்ட் லாங்லி.

பருந்தைப் பார்த்த சிறுவன்

பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரி என்ற ஊரில், 1834-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி லாங்லி பிறந்தார்.

சிறு வயதில் புல்வெளியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வானத்தில் வட்டமிடும் பருந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பருந்து இறக்கையை அடிக்கவில்லை. ஆனாலும் கீழே விழவில்லை. அது எப்படி? இந்தக் கேள்வி அவர் மனதில் ஆழப் பதிந்துவிட்டது.

லாங்லி கல்லூரியில் படித்தவர் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டிடங்களுக்குப் படம் வரையும் வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் தம்பியுடன் சேர்ந்து டெலஸ்கோப் செய்தார். வான நூலைத் தானாகவே கற்றார்.

1867-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலகேனி வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவர் ஆனார். நட்சத்திரங்களைப் பார்த்துச் சரியான நேரத்தைக் கணக்கிட்டு, அதைத் தந்தி மூலம் ரெயில்வேக்கு விற்றார். வந்த பணத்தில் ஆராய்ச்சி நடத்தினார். சூரிய வெப்பத்தை மிக நுட்பமாக அளக்கும் ஒரு கருவியையும் கண்டுபிடித்தார். கல்லூரி வாசலை மிதிக்காதவரைப் பேராசிரியர் என்று உலகம் அழைத்தது.

1887-ம் ஆண்டில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அமெரிக்க விஞ்ஞான உலகில் அதைவிடப் பெரிய பதவிகள் சிலவே.

ரப்பர் செய்த சோதனை

காற்றைவிடக் கனமான எந்திரம் பறக்கவே முடியாது என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே சொல்லிவந்தார்கள். லாங்லி அதை நம்பவில்லை.

60 அடி குறுக்களவுள்ள ஒரு பெரிய ராட்டினத்தை அமைத்தார். அதன் கையில் தகடுகளையும், பாடம் செய்த பறவைகளையும் கட்டிச் சுழலவிட்டார். எவ்வளவு வேகத்தில் எவ்வளவு எடையைக் காற்று தாங்கும் என்று அளந்தார். போதுமான பலமுள்ள எந்திரம் இருந்தால் மனிதன் பறக்கலாம் என்று கணக்கில் கண்டார். 1891-ம் ஆண்டில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

கணக்கு சரி. ஆனால் எந்திரம் எங்கே?

முதலில் முறுக்கிய ரப்பரைப் பயன்படுத்தினார். ரப்பர் பட்டைகளை முறுக்கி விட்டால், அவை பிரியும்போது விசிறி சுழலும். பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1871-ம் ஆண்டிலேயே இந்த முறையில் பொம்மை விமானம் பறக்கவிட்டிருந்தார்.

லாங்லி இப்படிப் பல மாதிரிகள் செய்தார். அவை சில வினாடிகள் பறந்தன. பிறகு விழுந்தன. ரப்பரை அதிகமாக முறுக்கினால், அது விமானத்தின் உடலையே இரு முனையிலும் இழுத்து நசுக்கியது. உடலைப் பலமாகச் செய்தால் எடை கூடியது. எடை கூடினால் பறக்கவில்லை.

ரப்பரைக் கைவிட்டார் லாங்லி.

அணைந்துபோன அடுப்பு

அடுத்து, குப்பியில் அடைத்த கரியமில வாயுவைக் கொண்டு எந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். அடைபட்ட வாயு விரியும்போது கடுங்குளிர் உண்டாகும். அந்தக் குளிரில் குழாய்கள் உறைந்து அடைத்துக்கொண்டன. எந்திரம் நின்றுவிட்டது!

கடைசியில் நீராவியையே நம்பினார். ஆனால் ரெயில் எஞ்சினில் இருப்பது போன்ற கொதிகலன் பறக்குமா? அதனால் மெல்லிய தாமிரக் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து, அதையே கொதிகலனாக ஆக்கினார். அதைச் சூடாக்க ஒரு சின்ன அடுப்பு.

முதலில் செய்த நீராவி மாதிரிகள் கனமாக இருந்தன. எந்திரத்துக்குப் பலம் போதவில்லை. சட்டங்கள் வளைந்தன. ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்ததைச் செய்தார். அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை, நெம்பர்தான் போட்டார்.

1893-ம் ஆண்டு கடைசியில் படகு வீட்டை ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் மேல் விழுந்தால் சேதம் குறைவு அல்லவா? அதற்காகத்தான் ஆறு.

ஆனால் அங்கே காற்று விடவில்லை. விமானத்தைக் கூரையில் ஏற்றி, அடுப்பைப் பற்றவைத்தால், காற்று அதை ஊதி அணைத்தது. அடுப்பு எரிந்தால் விமானத்தை வீசும் விசை சரியாக வேலை செய்யவில்லை. பலமுறை போனார்கள், பலமுறை வெறுங்கையோடு திரும்பினார்கள்.

லாங்லி கோபக்காரர். வேலையாட்களிடம் கண்டிப்பானவர். ஆனால் வேலையை விடவில்லை. அடுப்புக்கு மறைப்பு போட்டார். இறக்கையின் வளைவை மாற்றினார். வாலைத் திருத்தினார். 1894 போயிற்று, 1895-ம் போயிற்று.

ஒன்றரை நிமிட வெற்றி

1896 மே 6-ந் தேதி, டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், காமிராவுடன் வந்திருந்தார். அவர் லாங்லியின் நண்பர்.

முதலில் 6-ம் நெம்பர் விமானத்தை விட்டார்கள். கம்பி சிக்கி இறக்கை கெட்டது. விமானம் தண்ணீரில் விழுந்தது.

பிற்பகல் 3 மணி சுமாருக்கு 5-ம் நெம்பர் விமானம் கூரைக்கு வந்தது. அதன் எடை சுமார் 25 பவுண்டு. எந்திரத்தின் பலம் ஒரு குதிரைச் சக்தி. அதில் மனிதன் யாரும் இல்லை.

விசையைத் தட்டினார்கள். விமானம் பாய்ந்தது. கொஞ்சம் கீழே இறங்கிற்று. எல்லோருடைய நெஞ்சும் படபடத்தது. பிறகு, அது மெல்ல மேலே ஏறியது!

அன்று பருந்து வட்டமிட்டது போலவே அதுவும் பெரிய வட்டங்களாகச் சுற்றியது. சுமார் ஒன்றரை நிமிடம் பறந்தது. கொதிகலனில் தண்ணீர் தீர்ந்ததும் விசிறிகள் நின்றன. ஆனாலும் தலைகுப்புற விழவில்லை. மெதுவாக இறங்கி ஆற்றில் உட்கார்ந்தது. பறந்த தூரம் சுமார் 3,300 அடி.

அதையே எடுத்துத் துடைத்து அன்று மாலை மறுபடியும் பறக்கவிட்டார்கள். இந்த முறை சுமார் 2,300 அடி. நவம்பர் மாதத்தில், திருத்தி அமைத்த 6-ம் நெம்பர் விமானம் 4,000 அடிக்கு மேல் பறந்தது.

எந்திரம் பூட்டிய, காற்றைவிடக் கனமான ஒரு விமானம் இவ்வளவு தூரம் பறந்தது அதுவே முதல் தடவை.

லாங்லி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இனி மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் விதி வேறு விதமாக இருந்தது.

அரசாங்கம் கொடுத்த பணம்

1898-ம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை மூண்டது. மனிதனை ஏற்றிச் செல்லும் விமானம் கிடைத்தால் போருக்கு உதவும் என்று அரசாங்கம் கருதியது. ராணுவ இலாகா 50 ஆயிரம் டாலர் கொடுத்தது.

மறுபடியும் எந்திரத் தேடல் தொடங்கியது. நீராவி எந்திரம் ஒன்றரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும். பெட்ரோல் எந்திரம் வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த பால்சர் என்பவர் 12 குதிரைச் சக்தி எந்திரம் செய்து தர ஒப்புக்கொண்டார். பல மாதங்கள் பாடுபட்டும் அவ்வளவு பலம் வரவில்லை. ஐரோப்பாவுக்குப் போய்த் தேடினார்கள். அங்கேயும் யாரும் முன்வரவில்லை.

மான்லி என்ற இளைஞர் லாங்லியின் உதவியாளர். அவர் அந்த எந்திரத்தைத் தானே எடுத்துத் திருத்தி அமைத்தார். அது 52 குதிரைச் சக்தி கொடுத்தது! அதன் எடையோ சுமார் 125 பவுண்டுதான். அந்தக் காலத்தில் அவ்வளவு குறைந்த எடையில் அவ்வளவு பலமுள்ள எந்திரம் செய்வது பெரிய சாதனை.

இதற்கிடையே, பெரிய விமானத்தின் கால் அளவில் ஒரு மாதிரி விமானமும் செய்தார்கள். அதற்கும் ஒரு சின்ன பெட்ரோல் எந்திரம் பூட்டினார்கள். 1901-ம் ஆண்டு ஜூன் மாதம் அது சிறிது தூரம் பறந்தது. பெட்ரோல் எந்திரத்தால் முதன்முதல் பறந்த விமானம் இந்தப் பொம்மைதான். 1903 ஆகஸ்டில், பலம் கூட்டிய எந்திரத்துடன் சுமார் 1,000 அடி பறந்தது.

பொம்மை பறந்துவிட்டது. பெரியதும் பறக்கும் என்று லாங்லி நம்பினார்.

ஆற்றில் விழுந்த கனவு

1903 அக்டோபர் 7-ந் தேதி. மான்லி பெரிய விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். எந்திரம் கம்பீரமாக முழங்கியது. விசையைத் தட்டினார்கள். விமானம் கூரையை விட்டுக் கிளம்பியதும் நேராக ஆற்றில் விழுந்தது!

பத்திரிகைகள் எள்ளி நகையாடின. மனிதன் பறக்க இன்னும் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு வரை ஆகலாம் என்று ஒரு நியூயார்க் நாளிதழ் எழுதியது.

டிசம்பர் 8-ந் தேதி மறுபடியும் முயன்றார்கள். கடுங்குளிர். ஆற்றில் பனிக்கட்டி மிதந்தது. விமானம் கிளம்பியதும் வால் பகுதி முறிந்தது. விமானம் செங்குத்தாக நிமிர்ந்து, மல்லாந்து தண்ணீரில் விழுந்தது. அடியில் சிக்கிக்கொண்ட மான்லி, சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, பனிக்கட்டிக்கு அடியில் நீந்தி உயிர் தப்பினார்.

எங்கே தவறு? எந்திரத்தில் தவறு இல்லை. விமானத்தை வீசிய விசைதான் காரணம் என்று லாங்லி கடைசி வரை சொன்னார். விமானத்தின் உடலே பலவீனமாக இருந்தது என்று பிற்கால நிபுணர்கள் கருதுகிறார்கள்.

ஒரு சின்னப் பெட்டியை எல்லாப் பக்கமும் நான்கு மடங்கு பெரிதாக்கினால், அதன் மேல்பரப்பு 16 மடங்கு ஆகும். ஆனால் எடை 64 மடங்கு ஆகும். பொம்மைக்குப் போதுமான சட்டம் பெரிய விமானத்துக்குப் போதவில்லை. அதோடு, காற்றில் விமானத்தைச் சமாளித்து ஓட்டும் பழக்கமும் மான்லிக்கு இல்லை. லாங்லி எந்திரத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். ஓட்டும் கலையை மறந்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து

டிசம்பர் 17-ந் தேதி ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்களுடைய எந்திரத்தின் பலம் சுமார் 12 குதிரைச் சக்திதான்! ஆனால் அவர்கள் எந்திரமில்லாத விமானத்தில் பல நூறு தடவை காற்றில் சறுக்கிப் பழகியவர்கள்.

அந்தச் சகோதரர்கள் 1899-ம் ஆண்டில் விமானம் பற்றிய புத்தகங்கள் கேட்டு எழுதிய கடிதம் யாருக்குத் தெரியுமா? லாங்லியின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குத்தான். புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு பெரிய விஞ்ஞானியே பறக்க முடியும் என்று நம்புகிறார் என்பது தங்களுக்குத் தைரியம் கொடுத்ததாக வில்பர் ரைட் பின்னாளில் எழுதினார்.

லாங்லிக்கு அரசாங்கப் பணம் நின்றுபோயிற்று. 1905-ம் ஆண்டில் நிறுவனத்தின் கணக்கர் ஒருவர் பணத்தைக் கையாடியது தெரியவந்தது. அதற்குத் தானே பொறுப்பு என்று கூறி, லாங்லி அதன்பின் சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். அந்த ஆண்டு கடைசியில் பக்கவாதம் கண்டது. 1906 பிப்ரவரி 27-ந் தேதி காலமானார்.

அவரைக் கேலி செய்த நாடு பிறகு அவரைக் கொண்டாடியது. 1917-ம் ஆண்டில் தொடங்கிய விமான ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர் பெயர் வைத்தது. 1922-ம் ஆண்டில் அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அவர் பெயரே.

ஆற்றில் விழுந்த பெரிய விமானமும், வானில் பறந்த 5-ம் நெம்பர் பொம்மையும் ஸ்மித்சோனியன் காட்சிசாலைகளில் இன்றும் இருக்கின்றன. பெரியது ஒரு மனிதரின் தோல்வியைக் காட்டுகிறது. சின்னது, அந்தத் தோல்விக்கு முன்பே அவர் அடைந்த வெற்றியைக் காட்டுகிறது.